டேர்டெவில்: 39 எபிசோடும் உட்கார்ந்து பார்க்கத் தகுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: டேர்டெவில் தொடரை ஆளாளுக்குத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள், முதல் சீசனில் ஐந்து எபிசோட் பார்த்தேன், சண்டைகள் பிடித்தன, ஆனால் கதை ஊர்ந்து போகிறது, இதன் பலம் என்ன, பலவீனம் என்ன, மேலே பார்க்கலாமா? இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்த நிதானம் தொடரின் குணமா, கோளாறா என்பதுதான் அது. பாதி குணம், பாதி கோளாறு. எந்தப் பாதி எது என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன். சில திருப்பங்களைப் போட்டு உடைக்காமல் இதை விளக்க முடியாது. மூன்றாம் சீசன் எப்படி முடிகிறது என்பதை மட்டும் தொடாமல் விடுகிறேன்.

முதலில் சர்ச்சைக்கு இடமில்லாத தகவல்கள். மார்வெல் காமிக்ஸில் 1964-ல் அறிமுகமான பாத்திரம் இது. நெட்ஃபிளிக்ஸ் தொடரை உருவாக்கியவர் ட்ரூ காடார்ட். 2015 ஏப்ரல் 10, 2016 மார்ச் 18, 2018 அக்டோபர் 19 என மூன்று சீசன்கள், ஒவ்வொன்றிலும் 13 எபிசோடுகள். சிறுவயதில் விபத்தில் பார்வையிழந்து, மற்றப் புலன்கள் அசாத்தியமாகக் கூர்மையான மேட் மர்டாக், நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில் பகலில் வக்கீல், இரவில் முகமூடி. நடித்தவர் சார்லி காக்ஸ். எதிரியான நிழலுலகத் தலைவன் வில்சன் ஃபிஸ்க்காக வின்சென்ட் டொனோஃப்ரியோ. இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்: சீசனுக்குச் சீசன் கதையை நடத்தியவர்கள் வேறு வேறு ஆட்கள். முதலாவதை ஸ்டீவன் டிநைட், இரண்டாவதை டக் பெட்ரியும் மார்கோ ராமிரெஸும், மூன்றாவதை எரிக் ஓல்சன். ஒரே தொடருக்குள் தரம் ஏறி இறங்குவதற்கு இது பெரிய காரணம்.

இனி வருவது என் மதிப்பீடு, மறுக்க இடமுண்டு. டேர்டெவிலின் அத்தனை நல்ல தருணங்களும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன: எதைச் செய்தாலும் அதற்கு ஒரு விலை இருக்கிறது. அடித்தால் கை வீங்கும், ராத்திரி வெளியே போனால் காலையில் கோர்ட்டுக்குத் தாமதமாகும், நண்பனிடம் மறைத்தால் நட்பு போகும். அந்தக் கணக்கை ஒழுங்காக எழுதும்போது தொடர் உச்சத்தில் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நிஞ்ஜாக்களை இறக்கும்போது சறுக்குகிறது.

எல்லாரும் சொல்லும் அந்த நடைக்கூடச் சண்டையையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் எபிசோடின் கடைசியில் வருவது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் வலிமை கேமரா வெட்டாமல் ஓடுவதில் இருப்பதாகத்தான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அந்த எபிசோடின் முதல் காட்சியில் மேட் எங்கே கிடக்கிறான் என்று நினைத்துப் பாருங்கள்: குப்பைத் தொட்டியில், விலா உடைந்து, மூச்சு வாங்க முடியாமல். கிளேர் என்ற செவிலி அவன் நெஞ்சில் ஊசி குத்திக் காற்றை வெளியேற்றித்தான் பிழைக்க வைக்கிறாள். ஏறக்குறைய 50 நிமிடம் இந்த உடம்பின் நிலைமையை நமக்குப் பதியவைத்த பிறகுதான் அவனை அந்த நடைக்கூடத்துக்குள் அனுப்புகிறார்கள். அதனால் ஒவ்வொரு குத்துக்கும் அவன் சுவரில் சாய்ந்து மூச்சிரைப்பது நமக்கு இயல்பாகப் படுகிறது. அடிவாங்கியவர்களும் ஒரே குத்தில் மயங்குவதில்லை. தள்ளாடி எழுந்து மறுபடி வருகிறார்கள். பாதிச் சண்டை பக்கத்து அறைகளுக்குள் நடக்கிறது, நமக்குச் சத்தம் மட்டும் கேட்கிறது. ஒரு கதவு வழியாக மைக்ரோவேவ் அடுப்பு பறந்து வந்து ஒருவன் மேல் விழுகிறது. கண் தெரியாதவன் சண்டையை, நாமும் கொஞ்சம் காதால் பார்க்கிறோம்.

அந்த அறைகளுக்குத் தொழில்ரீதியாக இன்னொரு வேலை உண்டு. நீண்ட ஒற்றை ஷாட்டில் நடிகரே எல்லா அடியையும் வாங்க முடியாது. டூப் கலைஞர் எங்கோ ஓரிடத்தில் அவர் இடத்துக்கு வர வேண்டும். நடிகர் ஒரு கதவுக்குள் நுழைகிறார், கேமரா நடைக்கூடத்தில் காத்திருக்கிறது, வெளியே வருபவர் டூப். முதல் சீசனின் சண்டைகளை அமைத்த பிலிப் சில்வேரா குழுவுக்குக் கறுப்புத் துணி முகமூடி பெரிய வரம். கண், நெற்றி, தலைமுடி மூன்றையும் அது மறைத்துவிடுவதால் ஆள் மாறினது தெரியாது. இப்படிப்பட்ட ஷாட்டை நான்கைந்து அசைவுகள் கொண்ட சிறு துண்டுகளாகப் பிரித்துத்தான் ஒத்திகை பார்ப்பார்கள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஓர் இளைப்பாறல் வேண்டும், இல்லாவிட்டால் நான்காவது நிமிடத்தில் குத்துகள் குறி தவறத் தொடங்கும். மேட் சுவரில் சாயும் இடங்கள் பாத்திரத்துக்கும் ஓய்வு, ஆடுபவர்களுக்கும் ஓய்வு. தேவையையே அழகாக மாற்றிக்கொள்வதென்றால் இதுதான்.

இதே வித்தையை மற்ற இரண்டு சீசன்களும் திரும்பச் செய்தன, விளைவு வேறு வேறு. இரண்டாம் சீசன் மூன்றாம் எபிசோடில் ஒரு கையில் சங்கிலியும் மறுகையில் டேப்பால் ஒட்டப்பட்ட துப்பாக்கியுமாக மேட் மாடிப்படி வழியே பைக் கும்பலை அடித்துக்கொண்டே இறங்குகிறான். பார்க்க விறுவிறுப்பு, ஆனால் கேமரா சடாரென்று திரும்பும் இடங்களிலும் இருட்டிலும் ஒட்டுப்போட்ட இடம் கண்ணில் படுகிறது, மேட்டும் களைப்பே இல்லாமல் அடித்துத் தீர்க்கிறான். முதலாவதை மிஞ்ச வேண்டும் என்ற ஆசை தெரிகிறது. மூன்றாம் சீசன் நான்காம் எபிசோடில் வரும் சிறைச்சாலை ஷாட் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடுகிறது. அது வேறு ரகம். மயக்க ஊசி ஏறிய உடம்போடு மேட் கலவரத்துக்கு நடுவே வெளியேற வேண்டும். வழியில் உட்கார்ந்து ஒரு ரவுடியோடு பேரம் பேசுகிறான், ஷாட் வெட்டாமலே. அடிதடி, பேச்சு, மறுபடி அடிதடி என்று ஒரு முழுக் காட்சியின் வளைவு அந்த ஒரே ஷாட்டில் இருக்கிறது. தொடரின் சிறந்த 11 நிமிடம் எது என்றால் இதைத்தான் காட்டுவேன்.

அடுத்த பெரிய பலம் ஃபிஸ்க். சூப்பர்ஹீரோ கதைகளில் வில்லனை அறிமுகப்படுத்துவது எப்படி என்று யாருக்காவது பாடம் எடுக்க வேண்டுமானால் முதல் மூன்று எபிசோடைப் போட்டுக் காட்டலாம். இரண்டு எபிசோட் முழுக்க ஆள் முகமே தெரியாது. அவன் பெயரைச் சொல்லக்கூடாது என்று அடியாட்கள் நடுங்குகிறார்கள். மூன்றாவதில் ஒரு கொலைகாரனை மேட் அடித்து அந்தப் பெயரைப் பிடுங்குகிறான். பெயரைச் சொன்ன மறுநிமிடமே, இனி தன் குடும்பத்தை அவன் விடமாட்டான் என்ற பயத்தில் அந்தக் கொலைகாரன் தானே கூரான இரும்பில் தலையை மோதிச் சாகிறான். இவ்வளவு திகிலையும் கிளப்பிவிட்டு, அடுத்து ஃபிஸ்க்கை எங்கே காட்டுகிறார்கள்? ஓர் ஓவியக் கூடத்தில், வெறும் வெள்ளையாகத் தெரியும் ஒரு படத்தின் முன்னால், பெண்ணிடம் பேசவே கூச்சப்படும் பருத்த மனிதனாக. அந்த வெள்ளை அவனுக்குச் சிறுவயதில் வெறித்துப் பார்த்த சுவர் என்பது எட்டாம் எபிசோடில்தான் புரியும். தினம் காலையில் அவன் ஆம்லெட் போடுவதையும், அப்பாவின் கஃப்லிங்க்குகளை, அதாவது சட்டைக்கைப் பொத்தான்களை, மாட்டுவதையும் அந்த எபிசோட் பொறுமையாகக் காட்டுகிறது. நீங்கள் ஐந்தில் நிறுத்திவிட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்: எட்டைப் பார்க்காமல் இந்தத் தொடரைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள். நான்காம் எபிசோடில் கார் கதவை வைத்து அவன் செய்த கொடூரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது ஏன் நடந்தது என்று யோசியுங்கள். தொழில் நஷ்டத்துக்காக இல்லை, விருந்தில் அவன் காதலிக்கும் வெனெஸ்ஸாவின் முன்னால் தலைகுனிவு ஏற்பட்டதற்காக. டொனோஃப்ரியோ வார்த்தைகளைத் தொண்டையிலிருந்து இழுத்து இழுத்துப் பேசுவது சிலருக்கு மிகை நடிப்பாகத் தோன்றும். எனக்கு அது எப்போதும் அழுகையை அடக்கிக்கொண்டிருக்கும் சிறுவனின் குரலாகத்தான் கேட்கிறது.

ஒளிப்பதிவைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. மேட்டின் வீட்டு ஜன்னலுக்கு எதிரே ராட்சத மின்விளம்பரப் பலகை இருக்கிறது. இரவெல்லாம் அதன் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். அதனாலேயே அந்த வீடு அவனுக்கு மலிவாகக் கிடைத்தது. பார்வையில்லாதவனுக்கு வெளிச்சம் ஒரு தொல்லையே இல்லை. கதைக்குள் இது ஒரு வேடிக்கை. ஒளிப்பதிவாளருக்கோ, விளக்கே போடாத வீட்டில் நிறம் மாறிக்கொண்டே இருக்கும் ஒளி இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. தெருக்காட்சிகளில் சோடியம் விளக்கு மஞ்சள், உள்ளே அழுக்குப் பச்சை, ஆபத்து நெருங்கும்போது சிவப்பு என்று முதல் சீசனின் நிறங்களை மாத்யூ லாய்ட் மிகக் கட்டுப்பாடாகக் கையாண்டிருக்கிறார்.

பார்வையின்மையைக் கையாண்ட விதத்தில் பலமும் பலவீனமும் பின்னிக் கிடக்கின்றன. நுணுக்கங்கள் சரியாக இருக்கின்றன. அழைப்பவர் பெயரை உரக்கச் சொல்லும் போன், விரலடியில் எழுத்து மாறும் பிரெய்ல் கருவி, மடக்குக் கோல், எதிராளியின் கண்ணைத் தொடாமல் சற்றே விலகி நிற்கும் காக்ஸின் பார்வை. பார்வையற்ற ஓர் ஆலோசகரை வைத்து அவர் பயிற்சி எடுத்தார். பார்வையற்றோருக்கான அமெரிக்க அறக்கட்டளை 2015-ல் அவரைக் கௌரவித்தது. ஆனால் மேட்டின் மற்றப் புலன்கள் எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடுவதால், குறைபாடு என்பது பல நேரம் வெறும் மாறுவேடமாகிவிடுகிறது. இதைத் தொடரே உணர்ந்திருக்கிறது என்பதுதான் சுவாரசியம். பத்தாம் எபிசோடில் உண்மை தெரிந்த ஃபாகி, மேட்டின் நண்பனும் சக வக்கீலும், நீ நிஜமாகவே குருடனா என்று கொதிக்கிறான். விரலைக் காட்டி எத்தனை என்று கேட்கிறான். மேட் ஒன்று என்கிறான். அது எந்த விரல் என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தச் சித்தரிப்பு நியாயமானதா என்பதில் பார்வையற்ற ரசிகர்களின் தீர்ப்புக்குத்தான் எடை அதிகம். பார்வையுள்ளவர்கள் எழுதும் பாராட்டை, இதையும் சேர்த்துத்தான், அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புலன்கள் விஷயத்தில் தெளிவான ஓட்டை ஒன்று இருக்கிறது. மேட்டுக்கு இதயத் துடிப்பு கேட்கும், அதைவைத்துப் பொய்யைக் கண்டுபிடிப்பான். முதல் எபிசோடிலேயே, கொலைப்பழியில் சிக்கி, பிறகு இவர்கள் அலுவலகத்திலேயே வேலைக்குச் சேரும் காரென் நிரபராதி என்று அப்படித்தான் நம்புகிறான். அதே காரென் பின்னால் ஒரு பெரிய விஷயத்தைச் செய்துவிட்டு மாதக்கணக்கில் மறைக்கிறாள். பக்கத்து மேசையில் இருந்தும் இவனுக்கு எதுவும் பிடிபடுவதில்லை. கதைக்கு வேண்டும்போது காது கேட்கும், வேண்டாதபோது மந்தமாகிவிடும். இரண்டாம் சீசனில் இதயத் துடிப்பையே அடக்கத் தெரிந்த எதிரிகளைக் கொண்டுவந்தார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் அவர்களை எதிர்கொள்ள மேட் கற்றுக்கொள்ளும் புது வழி சீக்கிரம் கிடைத்துவிடுகிறது, விலை எதுவும் கேட்காமல்.

சட்டம் சார்ந்த பகுதி பாதிதான் வெந்திருக்கிறது. முதல் சீசனில் ஃபிஸ்க்கைக் கடைசியில் வீழ்த்துவது ஒரு சாட்சியின் வாக்குமூலம்; முகமூடி செய்தது அந்தச் சாட்சியை உயிரோடு கண்டுபிடித்தது மட்டுமே. அது அருமையான ஏற்பாடு. இரண்டாம் சீசனில், குற்றவாளிகளைத் தானே கொன்று தீர்க்கும் ஃபிராங்க் காசிலின் வழக்கு தொடங்கும்போதும் நல்ல அடித்தளம் போடுகிறார்கள்: மேட் இரவுகளைப் பழைய காதலி எலெக்ட்ராவோடு கழிப்பதால் தொடக்க வாதத்துக்கே வந்து சேர்வதில்லை, ஃபாகி தயாரிப்பே இல்லாமல் எழுந்து நிற்கிறான். அதைவிட மோசம், எலெக்ட்ரா உதவுவதாக நினைத்து ஒரு முக்கிய சாட்சியை மிரட்டிவைக்க, அவர் கூண்டில் அதைப் போட்டு உடைக்க, அந்தச் சாட்சியமே செல்லாமல் போகிறது. விலைக் கணக்கு கச்சிதம். ஆனால் இதற்குப் பிறகு தொடருக்கு நீதிமன்றத்தில் பொறுமை இல்லை. கட்சிக்காரர்களின் ரகசியத்தைக் காக்க வேண்டிய வக்கீல் ராத்திரியில் சாட்சிகளை அடித்து உண்மை வாங்கினால் அந்த வழக்குகள் எல்லாம் என்ன ஆகும்? மூன்று சீசனிலும் இதை நேருக்கு நேர் எடுத்துக்கொள்ளவே இல்லை. வக்கீல் ஹீரோவின் கதையில் இது சின்ன விடுபடல் இல்லை.

இப்போது உங்கள் முக்கியப் புகார், வேகம். 13 எபிசோட் என்பது அந்தக் காலத்தில் நெட்ஃபிளிக்ஸ் மார்வெல் தொடர்கள் பலவற்றுக்கும் பொதுவாக இருந்த அளவு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 நிமிடம் அல்லது அதற்கு மேல். டேர்டெவிலின் ஒவ்வொரு சீசனிலும் பத்து எபிசோடுக்கான கதைதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. மீதி மூன்றை நிரப்ப அவர்கள் செய்வது எப்போதும் ஒன்றுதான்: இரண்டு பேரை அறையில் உட்காரவைத்து, முந்தைய எபிசோடில் நாம் பார்த்ததையே பேசவிடுவது. எது வேண்டிய நிதானம், எது இழுவை என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு நீண்ட உரையாடல் முடிந்ததும் யாராவது ஒருவருடைய நிலைமை மாறியிருந்தால் அது நிதானம். இரண்டு பேரும் கிளம்பிய இடத்திலேயே நின்றால் இழுவை. முதல் சீசனில் பெரும்பாலும் முதல் வகை. ஃபாகி, காரென் அலுவலகக் காட்சிகளில் சில இரண்டாம் வகை. பத்திரிகையாளர் பென் யூரிக்கின் கதை மெதுவாகத்தான் நகர்கிறது, ஆனால் அது எங்கே போய் முடிகிறது என்று தெரிந்ததும் அந்த மெதுவுக்கு அர்த்தம் வந்துவிடும். அப்படிப்பட்ட பாத்திரத்தை ஒரே சீசனில் செலவழித்தது சரியா என்பது வேறு வழக்கு. பின்னால் வந்த சீசன்களில் அவர் இடம் காலியாகவே கிடந்தது.

இரண்டாம் சீசன் இரண்டு தனித் தொடர்களை ஒரே சட்டைக்குள் திணித்தது போல இருக்கும். முதல் நான்கு எபிசோடுகள் பனிஷர் என்று அழைக்கப்படும் ஃபிராங்க் காசிலின் கதை. ஜான் பெர்ன்தால் நடிப்பு. நான்காம் எபிசோடின் கடைசியில் கல்லறைக்கு நடுவே அவர் பேசும் சில நிமிடங்கள் போதும். போரிலிருந்து வீடு திரும்பிய இரவு, மகள் கதை படிக்கச் சொல்கிறாள்; களைப்பாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார். அந்த நாளை வரவில்லை. ஒரு குண்டு வெடிப்புக்கூட இல்லாமல், அடிபட்ட முகத்தைக் கிட்டத்தில் வைத்து எடுத்த அந்தக் காட்சியில், மூன்று எபிசோடாக நாம் பார்த்த கொலைகளுக்கெல்லாம் காரணம் வந்து உட்காருகிறது. கொல்லலாமா கூடாதா என்று மேட்டும் அவரும் மொட்டைமாடியில் செய்யும் வாக்குவாதமும் வலுவானது, யார் பக்கம் நியாயம் என்று தொடர் அவசரப்பட்டுத் தீர்ப்பளிப்பதில்லை.

நான்காம் எபிசோடின் கடைசிக் காட்சியில் எலெக்ட்ரா வந்து நிற்க, ஐந்தாம் எபிசோடில் மற்றக் கதை தொடங்குகிறது. எலோடி யுங் துடிப்பாக நடித்திருக்கிறார், அவர்மேல் குறையில்லை. அவரோடு வரும் 'ஹேண்ட்' என்ற ரகசியக் கூட்டம்தான் தலைவலி. முதல் சீசனில் தீயில் கருகிய நோபு திரும்பி வருகிறான். செத்தவர்கள் எழுந்து வரலாம் என்று ஆகிவிடுகிறது. நகரத்தின் நடுவே அடியாழம் தெரியாத ஒரு பள்ளத்தைக் காட்டுகிறார்கள், அது எதற்கு என்று அந்தச் சீசன் சொல்லவே இல்லை. 2017-ல் வந்த டிஃபென்டர்ஸ் என்ற எட்டு எபிசோட் தொடருக்கு முன்பணமாக அதை வைத்தார்கள். சாவுக்கே விலையில்லை என்றான பிறகு விலா எலும்பு உடைவதற்கு யார் பதறுவார்கள்? இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கூட்டத்தின் அடியாட்கள் முகமில்லாத, பேச்சில்லாத ஆசியர்கள், வெட்டுப்படுவதற்கென்றே வருகிறவர்கள். ரஷ்யக் கும்பலுக்கு முதல் சீசனில் அண்ணன் தம்பிப் பாசம், சிறைவாச முன்கதை எல்லாம் கொடுத்தவர்கள், இவர்களுக்கு ஒரு வாக்கியம்கூடக் கொடுக்கவில்லை. அது சோம்பலா பாரபட்சமா என்று வாதாடலாம். திரையில் இருப்பது இதுதான்.

சிவப்பு உடை பற்றிக் கேட்பவர்கள் உண்டு. முதல் சீசனின் கடைசி எபிசோடில்தான் அது வருகிறது. என் கண்ணுக்குக் கறுப்புத் துணியே மேல். சிவப்புக் கவசத்தில் கழுத்து விறைப்பாகி, ஆள் திரும்பும்போது தோளோடு சேர்ந்து திரும்புகிறார். முகத்தில் வாய் மட்டும் மிஞ்சுகிறது. இதைத் தயாரிப்பாளர்களும் உணர்ந்தார்களோ என்னவோ, மூன்றாம் சீசன் முழுக்க மேட் கறுப்புக்கே திரும்பிவிட்டான், சிவப்பு உடை எதிரியின் கைக்குப் போனது.

அந்த மூன்றாம் சீசன்தான் நீங்கள் மேலே போவதற்கான வலுவான காரணம். டிஃபென்டர்ஸ் முடிவில் இடிந்து விழுந்த கட்டடத்திலிருந்து தப்பிய மேட், ஒரு காது சரியாகக் கேட்காமல், கடவுள்மேல் கோபத்தோடு தேவாலய நிலவறையில் படுத்திருக்கிறான். ஃபிஸ்க் சிறையிலிருந்து எஃப்.பி.ஐ.க்குத் தகவல் சொல்பவனாகி, ஹோட்டல் மாடியில் வீட்டுக்காவலுக்கு வருகிறான். அடி ஒன்றும் கொடுக்காமல், ஒவ்வொரு அதிகாரியின் பலவீனத்தையும் விலைகொடுத்து வாங்குவதுதான் இப்போது அவன் ஆயுதம். ரே நதீம் என்ற அதிகாரியைக் கவனியுங்கள்; ஜே அலி நடித்தது. வீட்டில் நோய்ச் செலவு, கடன், நின்றுபோன பதவி உயர்வு. நல்லவன் ஒருவன் எப்படிப் படிப்படியாக மாட்டிக்கொள்கிறான் என்பதை ஒரு படிகூடத் தாண்டாமல் காட்டுகிறார்கள். பாயிண்டெக்ஸ்டர் என்ற இன்னொரு அதிகாரி எதை எறிந்தாலும் குறி தப்பாதவன். அவன் பழைய மருத்துவக் கோப்பை ஃபிஸ்க் படிக்கும்போது, கடந்தகாலம் கறுப்புவெள்ளையில், நாடக மேடைபோல ஃபிஸ்க்கைச் சுற்றியே நிகழ்கிறது; வழக்கமான பிளாஷ்பேக் அலுப்பு துளியும் இல்லை. ஆறாம் எபிசோடின் பத்திரிகை அலுவலகச் சண்டையும் முந்தைய சண்டைகளைப் போன்றதல்ல: எதிரிக்குத் தூரம் வேண்டும், மேட்டுக்கு நெருக்கம் வேண்டும். கத்தரிக்கோலும் பென்சிலும் பறக்கும் அந்த அறையில் ஒவ்வொரு அசைவும் இந்த ஒரே இழுபறிதான், மேட் தோற்கிறான். குறை இல்லாமலில்லை. முதல் இரண்டு எபிசோட் மெதுவானவை. பத்தாம் எபிசோடில், பதற்றம் கொதிநிலையில் இருக்கும்போது, காரெனின் ஊர்க்கதைக்காகப் பாதி நேரத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். அது நல்ல முன்கதை, ஐந்தாம் எபிசோடில் வந்திருந்தால்.

தொடர் ஏன் நின்றது என்று பலரும் அடித்துச் சொல்வதைப் பார்க்கிறேன். உறுதியானது இவ்வளவுதான்: மூன்றாம் சீசன் வந்து ஆறு வாரத்துக்குள், 2018 நவம்பர் 29 அன்று, நெட்ஃபிளிக்ஸ் அதை ரத்துசெய்தது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை அவர்கள் அப்போது வெளியிடவில்லை. ஆகவே கூட்டம் குறைந்தது என்பதும், மார்வெலின் உரிமையாளரான டிஸ்னியோடு வந்த போட்டிதான் காரணம் என்பதும் ஊகமே. கதையோ அந்தச் சீசனிலேயே ஒழுங்காக முடிகிறது, தொங்கலில் விடவில்லை. 2022 மார்ச்சில் பழைய தொடர் டிஸ்னி பிளஸுக்கு மாறியது. 2025 மார்ச் 4-ல் அதே முதன்மை நடிகர்களோடு பார்ன் அகெய்ன் என்ற பெயரில் ஒன்பது எபிசோட் கொண்ட புதுச் சீசன் தொடங்கியது. அதைப் பாதி எடுத்தபின் நிறுத்தி, புது ஆட்களை வைத்துத் தொடக்கத்தையும் முடிவையும் மாற்றி எடுத்தார்கள். பழைய மூன்று சீசனையும் பார்த்தவருக்கு அந்த ஒட்டு எங்கே என்று சட்டென்று தெரியும். அதிலிருந்து தொடங்க வேண்டாம்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். முதல் சீசனில் ஆறிலிருந்து எடுத்து முழுவதும் பாருங்கள், எதையும் தாண்டாதீர்கள். எட்டும் பத்தும் பார்த்த பிறகும் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் விட்டுவிடலாம். அதற்குமேல் இந்தத் தொடரிடம் உங்களுக்கென்று புதிதாக எதுவும் இல்லை. இரண்டாம் சீசனில் ஒன்று முதல் நான்கு கட்டாயம். ஐந்தும் ஆறும் எலெக்ட்ராவுக்காக ஒருமுறை. ஏழு முதல் பத்து வரை வழக்கும் சிறையில் ஃபிஸ்க்கும் வருவதால் விட்டுவிட முடியாது. ஒன்பதாம் எபிசோடில் காசில் சிறைக்குள் சிக்கும் காட்சிக்கு மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். பதினொன்றிலிருந்து வேகமாக ஓட்டினால் நஷ்டமில்லை. டிஃபென்டர்ஸைத் தாண்டலாம், எலெக்ட்ரா உயிர்த்து வந்தாள், கட்டடம் இடிந்தது, மேட் செத்துவிட்டதாக ஊர் நம்புகிறது என்ற மூன்றும் தெரிந்தால் போதும். பிறகு மூன்றாம் சீசனை நாளுக்கு இரண்டு எபிசோட் என்று பாருங்கள். ஒரேயடியாகப் பார்த்தால் நிரப்பு வசனங்கள் துருத்திக்கொண்டு தெரியும். டிஸ்னி என்ற பெயரை நம்பிக் குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டாம். இது வயதுவந்தோருக்கான தரச்சான்று பெற்றது, தலை நசுங்குவதெல்லாம் நேராகவே வரும்.

படம் இருட்டாக இருக்கிறது என்ற புகாரில் பாதி டிவியின் தவறு. அசைவை மழமழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், அது சண்டைக்காட்சிகளை நாடகம் எடுத்ததுபோல ஆக்கிவிடும். பட அமைப்பில் சினிமா என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள், அறை விளக்கை அணையுங்கள், வெளிச்சத்தைக் கூட்டிக் கறுப்பைச் சாம்பலாக்காதீர்கள். இணைய வேகம் குறைந்தால் இருண்ட சுவர்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். அது ஒளிப்பதிவின் பிழை இல்லை. ஹெட்போன் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது, காரணம் மேட் கேட்பது உங்களுக்கும் இடம் வலம் பிரிந்து கேட்கும். திரையில் நடப்பதை ஒரு குரல் சொல்லிக்கொண்டே வரும் ஒலி விவரணை என்றொரு வசதியும் இருக்கிறது. பார்வையற்ற ஹீரோவின் தொடர் வெளியானபோது பார்வையற்றோருக்கான அந்த விவரணையே இல்லாமல் வெளியானது. கண்டனம் எழுந்து, நான்கு நாளில், 2015 ஏப்ரல் 14 அன்று, நெட்ஃபிளிக்ஸ் இந்தத் தொடரிலிருந்துதான் அதைத் தொடங்கியது. அதைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அந்த நடைக்கூடச் சண்டையை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மைக்ரோவேவ் எந்தக் கதவிலிருந்து வந்தது என்பது அப்போதுதான் சரியாகப் பிடிபடும்.